பழியை விட்டுத்தராதவர்

எதிரணியில் எழுந்தவர் முதல் வாக்கியத்திலேயே, "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, பிழை என்னுடையதுதான்" என்று ஒப்புக்கொண்டு அமர்ந்துவிட்டால், நம் கையில் மீதமிருக்கும் எட்டு நிமிடங்களை என்ன செய்வது? பள்ளி நாள் முதல் மேடையேறிப் பழகிய எனக்கு எந்த நடுவரும் இதற்கு விடை சொல்லித் தந்ததில்லை. கடலூர் முதுநகரில் ரயில் சந்திப்புக்குப் பின்னால், தகரக் கூரை வேய்ந்த ஒரு பட்டறையில், ஏதேனும் ஒரு காரின் அடியிலிருந்து கால்கள் மட்டும் வெளியே தெரியப் படுத்துக்கிடந்த ஒரு மெக்கானிக்கிடம்தான் அந்தச் சிக்கலை முதன்முதலாகச் சந்தித்தேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், இந்தக் கட்டுரையில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தாலும், "அது என்னாலதாங்க" என்று அச்சிட்டவர் வாசலில் போய் நின்றுவிடுவார்.

வண்டி எதுவானாலும், நோய் எதுவானாலும், பானெட்டைத் திறக்கும் முன்பே அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் ஒன்றுதான்: "தப்பு என்னுதாத்தான் இருக்கும்." பண்ருட்டியிலிருந்து பலாப்பழ வியாபாரி ஒருவர், அதற்குமுன் அந்தப் பட்டறைப் பக்கமே வராதவர், புகை கக்கும் ஜீப்போடு வந்து நின்றபோதும் அதையே சொன்னார்.

"என்னாங்க இது, நான் இப்பதான் உங்கள பாக்குறேன். உங்க தப்பு எங்கேர்ந்து வந்துது?" என்றார் வியாபாரி.

"நாலு மாசம் முன்னாடி இந்த ரோட்டுல போனீங்க. அப்பவே இன்ஜின் சத்தம் சரியில்ல. நான் டீ குடிச்சிகிட்டு நின்னேன். கைய காட்டி நிறுத்திச் சொல்லியிருக்கணும். சொல்லல. அப்ப யாரு தப்பு?"

வியாபாரி தன் ஜீப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் டயர்க் கடை வைத்திருந்த பாயைப் பார்த்தார். பாய்க்கு இது அன்றாடக் காட்சி.

"ஜாக்கிரதையா பேசுங்க முதலாளி. பேசிகிட்டே நின்னீங்கன்னா உங்க தப்பு எல்லாத்தையும் வாங்கிப் பையில போட்டுக்குவாரு எங்க மச்சான். அப்புறம் வீட்டுக்குப் போயி சண்ட போடக்கூட ஒண்ணும் இருக்காது."

பாய் சொன்னதில் மிகையில்லை. மெக்கானிக்கின் மனைவி ஒருமுறை என் அம்மாவிடம் வைத்த முறையீடு எனக்கு இன்றும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "பதினோரு வருசத்துல இவுருகிட்ட ஒரு சண்டையாச்சும் உருப்படியா போட்டிருப்பனாக்கா? மீன் கொழம்புல உப்ப ரெண்டு தரம் போட்டுட்டேன். என்னா சொல்லப்போறாரோன்னு தயாரா நிக்கிறேன். பதிலுக்கு நாலு வார்த்த எடுத்து வச்சிருக்கேன். இவுரு ஒரு வாய் வச்சிட்டு, 'நான் காலையில ஒங்கிட்ட பேச்சு குடுத்தேன், அதான் கை தவறிடுச்சு, என் தப்பு'ங்கிறாரு. எடுத்து வச்ச நாலு வார்த்தய நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

ஞாயிறு திருப்பலிக்கு முந்தின மாலை, பாவசங்கீர்த்தன வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்க முதுநகர் கிறித்தவர்கள் எவரும் விரும்பியதில்லை. தன் பாவங்களை முடித்துவிட்டு, பிறர் பாவங்களில் தனக்குள்ள பங்கையும் அவர் சொல்லத் தொடங்கிவிடுவார் என்பது ஊரறிந்த செய்தி. ஒருநாள் பங்குச் சாமியாரின் குரல் தடுப்பைத் தாண்டி வெளியே கேட்டதாம்: "உன் பாவத்த மட்டும் சொல்லுப்பா! பக்கத்து ஊட்டுக்காரன் பாவத்த அவனே வந்து சொல்லட்டும்." வெளியே வந்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். "சாமியார கோவப்பட வச்சிட்டேன். அதையும் சேத்துச் சொல்லணும், வரிசைய விடுங்க" என்று மறுபடியும் பின்னால் போய் நின்றிருக்கிறார்.

எனக்கும் அவருக்கும் நேர்ந்த முதல் மோதலைச் சொல்கிறேன். அவர் பழுதுபார்த்துவந்த அப்பாவின் அம்பாசடரில் பின்கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட, அடைமழை உள்ளே புகுந்து என் சான்றிதழ்கள் அனைத்தையும் ஊறவைத்துவிட்டது. கண்ணாடியை ஏற்றும் கைப்பிடியைத் திருகி உடைத்தவர் என் அப்பாதான் என்பது பிறகு தெரிந்தது, அன்று தெரியாது. நான் மூன்று வாதங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று சேர்த்து, பட்டறை வாசலில் நின்று முதல் வாதத்தை எடுத்துவைத்தேன். காரின் அடியிலிருந்து குரல் வந்தது: "ஆமாம் பாப்பா. என் தப்பு." அவ்வளவுதான். மீதமிருந்த இரண்டு வாதங்களையும் சுமந்துகொண்டு வீடு திரும்பினேன். தோற்றிருந்தால்கூட அன்றிரவு உறங்கியிருப்பேன்.

இனி அந்த அம்பாசடரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா முதுநகரில் அச்சகம் நடத்திவந்தார். அந்தக் கார் மீது அவருக்கு இருந்த பற்றுக்கு அம்மாவே சாட்சி. பழைய பெட்ரோல் இன்ஜின் மூச்சுவிட முடியாமல் போனதும், அதைக் கழற்றிவிட்டு ஒரு ஜீப்பின் டீசல் இன்ஜினைப் பொருத்தித் தரமுடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டார். மெக்கானிக் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். இன்ஜினை மாற்றினார்; வேகம் கூடியதால் பிரேக்கும் கூட வேண்டுமென்று முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்; மிதிப்பதற்கு எளிதாக, ஒரு வேனிலிருந்து எடுத்த பூஸ்டரையும் பொருத்திப் பவர் பிரேக்காக ஆக்கினார். ஒரு பழைய காரை இப்படி முழுவதும் மாற்றி அமைத்தது அவருக்கு அதுவே முதல்முறை. கட்டைவிரலால் அழுத்தினால் நிற்கும் என்று அப்பா ஊர் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் செய்தி சிதம்பரம் வரை போயிற்று. கீழவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர், முழங்கால் மூட்டு தேய்ந்தபின் பிரேக்கை மிதிக்க முடியாமல் தன் பழைய பியட்டைத் துணிபோட்டு மூடிவைத்திருந்தார். அம்பாசடரை ஒருமுறை பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் தன் வண்டியையும் ஒப்படைப்பதாகச் சொல்லியனுப்பினார். அவருக்குப் பின்னால் பழைய கார் வைத்திருக்கும் சிதம்பரத்து நண்பர்கள் மூவர் காத்திருந்தார்கள். மெக்கானிக் அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் நான் அங்கே இருந்தேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "டயர்க் கட பக்கத்துல இருக்கிற பட்டறன்னுதான் இத்தினி நாளும் அட்ரஸ் சொல்றாங்க. இது முடிஞ்சா, பட்டறைக்குப் பக்கத்துல இருக்கிற டயர்க் கடன்னு சொல்லுவாங்க இல்ல பாய்?" என்று கேட்டார். அவர் தமக்காக எதையேனும் விரும்பி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அந்த விருப்பத்தைக் கெடுக்கவிருந்தவள் நான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கடைசியில் திறந்துகாட்டும் உத்தியை நான் மேடையிலும் கையாள்வதில்லை.

சனிக்கிழமைதோறும் சிதம்பரத்தில் சொற்போர் இருக்கும். அப்பா காரை ஓட்டுவார். நான் அருகில் அமர்ந்து உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழியெங்கும் வேகத்தடைகள். அப்பா பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பெடலுக்கு மேலேயிருந்து 'உஸ்ஸ்' என்று ஓர் ஓசை வரும். நான் குரலை உயர்த்தி, உச்சத்தில் நிறுத்தி, அவையின் மௌனத்துக்காகக் காத்திருக்கும் அந்த நொடியில், கார் என்னைப் பார்த்து 'உஸ்ஸ்' என்னும். பேசாதே என்று யாரோ அதட்டுவதுபோல் இருக்கும். மூன்று மாதம் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை, ஆலப்பாக்கத்தில் அப்பா டீ குடிக்க இறங்கியபோது, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். பெடலின் தண்டு போய்ச் சேரும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருந்தது. ஓசையின் பிறப்பிடம் அதுவே என்று முடிவுகட்டி, முந்தைய வாரம் எனக்குப் போர்த்திய பொன்னாடையை அதன் மேல் இறுகச் சுற்றி, காரிலேயே கிடந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் கட்டினேன். அன்று சிதம்பரம் வரை கார் வாய் திறக்கவில்லை. சொற்போரில் வென்றேன்.

திரும்பும்போதே அப்பா, "கால் வலிக்குதும்மா, வயசாவுது போல" என்றார். அடுத்த சனிக்கிழமை, பி.முட்லூரில், பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன லாரி ஒன்று முன்னால் சட்டென்று நின்றது. அப்பா ஒரு காலால் மிதித்தார். பிறகு இரண்டு கால்களாலும் மிதித்தார். இருக்கையைவிட்டு எழுந்துநின்றே மிதித்தார். கரும்புத் தோகை பானெட் மேல் படர்ந்து கண்ணாடியைத் தடவிய இடத்தில் கார் நின்றது.

லாரி டிரைவர் எட்டிப்பார்த்து, "என்னா சார், கரும்பு வேணும்னா கேட்டா குடுக்கமாட்டனா?" என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆனால் பொன்னாடையையும் பிரேக்கையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை. ஓசையை அடைத்தால் ஓசைதான் நிற்கும் என்று நம்பியிருந்தேன்.

புதன்கிழமை கார் பட்டறைக்கு வந்தது. சிதம்பரத்துக்காரர் வெள்ளிக்கிழமை நேரில் வருவதாக இருந்தார். "பிரேக்கு கல்லு மாதிரி இருக்குய்யா" என்று அப்பா சொல்லி முடிக்கவில்லை, "தப்பு என்னுதாத்தான் இருக்கும்" என்றார் மெக்கானிக். அதன்பிறகுதான் பானெட்டைத் திறந்தார்.

அவர் வேலை செய்யும் முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. இன்ஜினிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பில் மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பம்பையும் பூஸ்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழாயைச் சூட்டில் அமுங்குகிறதா என்று பிசைந்து பார்த்தார். ஐயம் தீராமல் புதிதாகவே மாற்றினார். குழாயின் நடுவில் உள்ள ஒருவழி வால்வை வாயில் வைத்து ஊதினார், ஒரு பக்கம் காற்று போயிற்று, மறுபக்கம் போகவில்லை, முறையாகவே இருந்தது. வியாழக்கிழமை பிரேக் எண்ணெயில் காற்றுக் குமிழி ஏதும் சிக்கியிருக்குமோ என்று நான்கு சக்கரத்திலும் எடுத்தார். அப்பா இருக்கையில் அமர்ந்து, அவர் கீழிருந்து கூவும் கட்டளைக்கு ஏற்பக் காலையில் தொடங்கி மதியம் வரை மிதித்தார்.

"மிதிங்க… மிதிங்க… புடிங்க… உடுங்க!"

"எத்தினி தரம்யா?"

"இன்னும் ஒரே ஒரு சக்கரம் சார்."

"ஒரு மணி நேரமா அதையேதான் சொல்ற."

"ஆமாங்க, என் தப்பு. மிதிங்க."

கடைசியாக ஒரு சோதனை. "இன்ஜின நிறுத்திடுங்க சார். அஞ்சு தரம் நல்லா மிதிங்க. ஆச்சா? இப்ப காலால அமுக்கிப் புடிச்சிகிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. பூஸ்டர் வேல செஞ்சா பெடல் தானா கொஞ்சம் கீழ எறங்கணும். எறங்குதா?"

"இல்லியே."

"நல்லா பாருங்க சார்."

"என் காலு எறங்குறது எனக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை காலை தீர்ப்பு வந்தது. எல்லா உறுப்பும் நலம். எனவே, பிழை தன் திட்டத்தில்தான். இவ்வளவு கனமான வண்டிக்கு அவ்வளவு சிறிய பூஸ்டரைத் தேர்ந்தது தன் தப்பு. ஆகவே, பூஸ்டரையும் டிஸ்க்கையும் கழற்றிவிட்டுப் பழைய பிரேக்கையே திரும்பப் பொருத்திவிடுவது. சிதம்பரத்துக்காரரிடம் தன்னால் இயலாது என்று சொல்லிவிடுவது.

"மூணு மாசமா நல்லாத்தானய்யா நின்னுது?" என்றார் அப்பா.

"அது வண்டியோட பெருந்தன்ம சார்."

இந்த இடத்தில்தான் அவர் குணத்தின் மீது எனக்கு ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை இன்றும் திரும்பப் பெறவில்லை. 'தப்பு என்னுது' என்ற முடிவைத் தொட்டவுடன் அவருடைய தேடல் நின்றுவிடும். குற்றவாளி கிடைத்துவிட்டார், அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார், இனி எதற்கு விசாரணை? பானெட் பக்கத்தில் மூன்று நாள் தலைகீழாக நின்றவர், பெடல் பக்கத்தில் அரை நிமிடம் தலையை நுழைத்திருந்தால் ஜரிகை தெரிந்திருக்கும்.

அன்று பிற்பகல் சிதம்பரத்துக்காரர் ரயிலில் வந்து இறங்கினார். அறுபது வயதைக் கடந்தவர். வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். பட்டறை முக்காலியில் அமர்ந்து, "எங்க, அந்தக் கட்டவெரல் பிரேக்க காட்டு" என்றார்.

"முடியாதுங்க. நான் செஞ்சதே தப்பு. உங்க வண்டிய வேற நல்ல எடத்துல குடுங்க" என்றார் மெக்கானிக். தலை குனிந்திருந்தது. குரலில் நடிப்பில்லை, அதுதான் கொடுமை.

"என்னாய்யா, ஊட்டுக்காரிய எழுப்பி, ரயிலப் புடிச்சு, இந்தக் கால இழுத்துகிட்டு வந்திருக்கேன். தப்புன்னா என்னா தப்புன்னாச்சும் சொல்லு."

மெக்கானிக் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, தரையில் வைத்து விளக்கினார். "பூஸ்டருக்குள்ள நடுவுல ஒரு ரப்பர் தட்டு இருக்கும். அதுக்கு முன்பக்கத்துக் காத்த இன்ஜின் பம்பு உறிஞ்சிடும். நீங்க மிதிச்ச ஒடனே பின்பக்கமா, பெடல்கிட்டேர்ந்து, வெளிக்காத்து உள்ள பூந்து தட்டத் தள்ளும். பாதி உங்க காலு தள்ளுது, பாதி காத்து தள்ளுது. மிதிச்சா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். அதான் காத்து உள்ள போற சத்தம். அது வந்தாத்தான் பிரேக்கு."

வெளிக்காற்று புகும் வழியைத்தான் நான் பொன்னாடையால் அடைத்திருந்தேன்.

ஏழு ஆண்டுகளில், எந்த மேடையிலும், எந்த வாதத்திலும் நான் பிழையை ஒப்புக்கொண்டவளில்லை. எதிரணியின் உண்மையைக்கூட என் அணிக்குச் சாட்சியாக்கிக்கொள்ளும் பயிற்சி பெற்றவள். இப்போதும் ஒரு வழி திறந்தே இருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். பழியை ஏற்க ஒருவர் ஏற்கனவே தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். சிதம்பரத்துக்காரர் முக்காலியிலிருந்து எழுவதற்காகக் கையை ஊன்றினார். மெக்கானிக் பூஸ்டரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார்.

"இந்த இடத்தில் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்துவது என் கடமையாகிறது" என்று தொடங்கினேன்.

"பாப்பா மேடை ஏறிடுச்சி" என்றார் பாய், டயரை உருட்டியபடி.

ஓசைக்கும் உரைக்கும் உள்ள உறவு, பேச்சில் இடைநிறுத்தத்தின் இன்றியமையாமை, பயணத்தின்போது பயிற்சி செய்வோருக்கு நேரும் இடையூறுகள் ஆகியவற்றை நான் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கையில் சிதம்பரத்துக்காரர் கையை உயர்த்தினார். "யம்மா. நீ என்னா பண்ணுன? அத மட்டும் சொல்லு."

"பொன்னாடைய அதுமேல சுத்திக் கட்டிட்டேன்."

"எதுமேல?"

"காத்து போற எடத்துமேல."

மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டு, கார்க் கதவைத் திறந்து, பெடலுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். டேப்பைக் கிழிக்கும் ஓசை கேட்டது. பிறகு, மெரூன் நிறத்தில், ஜரிகைக் கரையோடு, முழம் முழமாகப் பொன்னாடை வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அட நம்ம பூஸ்டருக்குச் சபையில மரியாத செஞ்சிருக்காங்கப்பா!" என்றார் பாய். "மாலயும் உள்ளதான் இருக்கா பாரு மச்சான்."

சோதனையை மறுபடி செய்தார்கள். அப்பா ஐந்துமுறை மிதித்து, அழுத்திப் பிடித்து, சாவியைத் திருப்பினார். "எறங்குதுய்யா!" என்று அவர் கத்தியது டயர்க் கடையைத் தாண்டிக் கேட்டது. சிதம்பரத்துக்காரர் தாமே ஓட்ட வேண்டுமென்று கேட்டு, அப்பாவை அருகில் இருத்தி, துறைமுகச் சாலை வரை போய்த் திரும்பினார். பட்டறை வாசலில், தன் நோயுற்ற வலக்காலின் நுனியால் பிரேக்கைத் தொட்டார். 'உஸ்ஸ்' என்றது கார். நின்றது. அப்பாவின் சட்டைப்பையிலிருந்த பேனா பறந்து கண்ணாடியில் அடித்தது.

"அப்பாடா!" என்றார் சிதம்பரத்துக்காரர், முழங்காலைத் தடவியபடி. "வலியே இல்ல. திங்கக்கெழம வண்டிய அனுப்புறேன்."

இத்துடன் முடிந்திருக்க வேண்டும். வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் முடிந்திருக்கும்.

"வேணாங்க" என்றார் அவர். "தப்பு என்னுதுதான்."

நான் முன்னே வந்தேன். "அண்ணே, கட்டினது நான். என் கையால கட்டினேன். இது என் தப்பு."

"கட்டுற மாதிரி எடத்த தொறந்து போட்டது யாரு பாப்பா? கை எட்டுற தூரத்துல வச்சிட்டு, கை எட்டுச்சேன்னா நியாயமா?"

"நான் யார்கிட்டயும் கேக்காம செஞ்சேன்!"

"சத்தம் வரும், பயப்படாதீங்கன்னு வண்டிய குடுக்கும்போதே நான் சொல்லியிருக்கணும். சொன்னனா?"

"நீங்க இவருக்கு விளக்கினதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. உடனே சொல்லாம கொஞ்ச நேரம் யோசிச்சேன். அது என் தப்பு இல்லையா?"

"மூணு நாளு நான் பாக்காம உட்டேன். நீ கொஞ்ச நேரம்தான். எது பெருசு?"

அன்று உண்மை முழுவதும் என் பக்கம் இருந்தது. சான்று மெரூன் நிறத்தில் தரையில் கிடந்தது. நான் என்னையே குற்றவாளி என்று நிறுவுவதற்காகத் தொண்டை வறள வாதாடினேன். ஆயினும் அவர் ஒவ்வொரு வாதத்தையும் மெல்லிய குரலில், வருத்தத்தோடு, என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். பாய் அவருக்குக் கைதட்டினார். என்னைப் பெற்ற தகப்பனே, "அவர் சொல்றதும் சரிதானம்மா" என்றார். நான் தோற்றேன். என் தோல்வியால் ஒரு மனிதர் தமக்கு வந்த நல்ல வேலையை இழக்கப்போகிறார் என்பதையும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு தோற்றேன்.

சிதம்பரத்துக்காரர் முக்காலியில் அமர்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"செரி. ரெண்டு பேரும் பேசியாச்சு. நான் சொல்லட்டுமா? தப்பு உன்னுதுதான்ப்பா. முழுசா உன்னுது. அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல."

பாய் டயரை உருட்டுவதை நிறுத்தினார்.

மெக்கானிக் 'என் தப்பு' என்று சொன்னபோதெல்லாம், கேட்டவர்கள் "சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றுதான் மறுத்திருந்தார்கள். அல்லது நான் செய்ததுபோல் வாயடைத்துத் திரும்பியிருந்தார்கள். ஆமாம் என்று ஒருவர் சொன்னது அவர் வாழ்வில் அதுவே முதல்முறையாக இருக்க வேண்டும். அவர் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு சிவப்பு ஏறியது. ஸ்பேனரை எடுத்தார், வைத்தார்.

"முழுசான்னு… எப்புடிங்க சொல்றீங்க?"

"நீதான சொன்ன."

"சொன்னேங்க. இல்லன்னு சொல்லல. ஆனா…" பொன்னாடையைக் காலால் நகர்த்தினார். "ஒரு சுத்து சுத்துனா பரவால்ல. டேப்பு வேற ஏழு சுத்து இருக்கு."

"அப்ப பொண்ணு தப்புங்கிற?"

"தப்புன்னு இல்ல… ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? 'என்னா சத்தம்ண்ணே'ன்னு கேட்டா நான் சொல்லமாட்டனா? பாப்பா, எதுக்கு அவ்ளோ இறுக்கிக் கட்டுன?" குரல் ஏறத் தொடங்கியது. "செரி, அதுதான் சின்னப் பொண்ணு. சாரு? நெதம் ஓட்டுறாரு. காலுக்கு மேலயே ஒரு மூட்ட இருக்கு. பொண்டாட்டி பொடவ நெறம் தெரியிற மனுசனுக்கு அது தெரியாதா?"

அப்பா குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"பாய், நீ! புதன்கெழம அந்த சீட்டுலயே உக்காந்துதான டீ குடிச்ச?"

"யோவ், என்னிய ஏன்யா இழுக்குற?"

"பிரேக்கு மேல கால வச்சிகிட்டு குடிச்ச! ஜரிக காலுல பட்டிருக்கும்!"

அடுத்த சில நிமிடங்கள் அவர் பேசிய பேச்சை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. முதலில் நான், அடுத்து அப்பா, பிறகு பாய், இறுதியாகத் தீர்ப்புச் சொன்ன சிதம்பரத்துக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை அளந்து, தயங்காமல், கைநீட்டிக் கொடுத்தார். நாங்கள் நால்வரும் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டோம். எனக்குக் கிடைத்த பங்கு பெரியது. அதைக் கையில் வாங்கியபோது நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

மூச்சு வாங்க நின்றார். சிதம்பரத்துக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாருக்கும் குடுத்துட்ட. உனக்கு எவ்ளோ வச்சிருக்க?"

அவர் கூரையைப் பார்த்து நேர்மையோடு யோசித்தார்.

"காவாசி இருக்குங்க."

"முழுசா தப்பு பண்றவன்கிட்ட என் வண்டிய உடமாட்டேன். காவாசின்னா பரவால்ல. திங்கக்கெழம அனுப்பி உடுறேன்."

மெக்கானிக் உடனே சரி என்று சொல்லவில்லை. சிதம்பரத்துக்காரரை ரயிலடிவரை கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன். ரயில் நடைமேடைக்கு வந்தபோதுதான் மெக்கானிக் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஊட்டுல மேடைப்பேச்சு பேசுறவங்க யாரும் இல்லியே?"